வேலை தேடித் தருவோர்க்கும் ஒரு பயிற்சி

பாடசாலைகளிலே பாடத்திட்டம் மாறுகின்ற ஆண்டில் எல்லோருடைய கவனமும் புதிய பாடநூலின் மீதே செல்கின்றது. நூல் அச்சாகிவிட்டதா, மாணவர் கைக்கு வந்து சேர்ந்ததா, பரீட்சை எப்போது என்று பெற்றோரும் அதிகாரிகளும் கேட்கின்றனர். பழைய பாடத்தை இருபது ஆண்டுகள் திறம்படக் கற்பித்த ஆசிரியர், புதிய பாடத்தை எவ்வாறு கற்பிக்கப் போகின்றார் என்று கேட்பவர் சிலரே. அவருக்கு அதனைக் கற்பித்தவர் யார் என்று கேட்பவரோ அதனினும் சிலர். புதிய திட்டம் பலன் தராதவிடத்து, பழி மட்டும் தவறாமல் அவ்வாசிரியர் மீதும், சில வேளைகளில் மாணவர் மீதும் வந்து விழுகின்றது.

இதே குறை, கல்வியைவிடக் குறைவாகவே பேசப்படும் வேறொரு பணியிலும் காணப்படுகின்றது. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தந்து, அவ்வேலையில் அவர்கள் நிலைத்து நிற்கத் துணை செய்யும் பணியே அது. பல நாடுகளில் இப்பணிக்கெனத் தனியான நிறுவனங்களும், சம்பளம் பெறும் பணியாளரும் உள்ளனர். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இத்துறை அடியோடு மாறியிருக்கின்றது. மாற்றுத்திறனாளிகளைத் தனியான ஒரு தொழிற்கூடத்தில் ஒன்றுசேர்த்து வேலை கொடுத்தல் என்பது பழைய முறை. மற்றையோர் வேலை செய்யும் அதே கடையிலும், கந்தோரிலும், தொழிற்சாலையிலும், அதே சம்பளத்துக்கு அவர்களையும் அமர்த்துதல் என்பது புதிய முறை. புதிய முறை சிறந்தது என்பதில் இன்று பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஆயின், ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்பொழுது, இடையில் நின்று பணியாற்றுவோரை ஆயத்தம் செய்தவர் யார்? அவர்களை ஆயத்தம் செய்யாது விட்டால், இழப்பு யாருக்கு? இந்த வினாக்களுக்குப் பிரித்தானியாவும், ஐக்கிய அமெரிக்காவும், அவுஸ்திரேலியாவும் வெவ்வேறு விதமாக விடை கூறுகின்றன.

முதலிலே பிரித்தானியாவை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்னரே, 1944 ஆம் ஆண்டில், அந்நாட்டுப் பாராளுமன்றம் அங்கவீனர் தொழிற் சட்டத்தை நிறைவேற்றிற்று. 'அங்கவீனர்' என்பதே அக்காலத்து வழக்கு. இருபது பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், தம் ஊழியருள் நூற்றுக்கு மூன்று வீதமானோரை அங்கவீனராகக் கொள்ளல் வேண்டும் என்று அதன் கீழ் விதிக்கப்பட்டது. சாதாரண வேலைத்தளங்களில் இடம் பெற இயலாதவர்களுக்காக, 1945 இல் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தையும் நிறுவிற்று. அதுவே பின்னர் றெம்ப்ளோய் என்னும் பெயரைப் பெற்றது. அதன் முதலாவது தொழிற்சாலை 1946 இல் வேல்சு நாட்டின் பிரிட்ஜெண்ட் நகரில் திறக்கப்பட்டது. சுரங்கங்களிலே காயமுற்று நிலக்கரி வெட்ட இயலாதவராய்ப் போனவர்கள் அங்கே தளபாடங்களையும் வயலின்களையும் செய்தனர். நிலத்தடியிலே உழைத்த கைகள் இசைக்கருவி செய்யும் கைகளாயின. அவர்களுக்குச் சம்பளமும், தோழமையும், காலையில் எழுந்து செல்ல ஓரிடமும் கிடைத்தன. காலப்போக்கில் இத்தகைய தொழிற்சாலைகள் தொண்ணூறுக்கு மேல் பெருகின.

தலைமுறைகள் மாற எண்ணங்களும் மாறின. தனியான கூரையின் கீழ் வாழ்நாள் முழுவதும் இருத்தல் சமத்துவம் ஆகாது என்று மாற்றுத்திறனாளிகளின் இயக்கங்களே எடுத்துரைத்தன. 2011 ஆம் ஆண்டிலே, அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி லிஸ் சேஸ் என்னும் அம்மையார் ஓர் அறிக்கையைச் சமர்ப்பித்தார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைத்த நிறுவனமொன்றை நடத்தியவர் அவர். தொழிற்சாலையில் ஒருவரை வைத்திருக்க ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 25,000 பவுண் அரசாங்கத்துக்குச் செலவாகின்றது. அதே மனிதர் சாதாரண வேலையில் அமர்ந்து, அவருக்கு வேண்டிய கருவியும் துணையும் கொடுக்கப்பட்டால், சராசரியாக 3,000 பவுண் அளவிலே காரியம் முடிகின்றது என்பது அவ்வறிக்கை காட்டிய கணக்கு. தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் பணத்தை அவ்வழிக்குத் திருப்புமாறு அவர் கூறினார். 2012 மார்ச்சில் அரசாங்கம் முடிவை அறிவித்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன; வேலைநிறுத்தமும் நடைபெற்றது. எனினும் 2013 ஒக்டோபர் 31 ஆம் திகதியுடன் எஞ்சியிருந்த தொழிற்சாலைகளும் மூடப்பட்டன.

வேலை இழந்தோர்க்கு உதவுவதற்கென எண்பது இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் வழிகாட்டும் உத்தியோகத்தர் நியமிக்கப்படுவார் என்றும் கூறப்பட்டது. ஆயினும் பலர் நெடுங்காலம் வேலையின்றி இருந்தனர். இதிலே ஒரு தரப்பார் முற்றிலும் சரி, மற்றத் தரப்பார் முற்றிலும் பிழை என்று கூறுதல் நியாயமாகாது. தொழிற்சாலையின் காலம் கடந்துவிட்டது என்றவர்கள் உண்மையைக் கூறினர். எங்களை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள் என்று அஞ்சியவர்களும் உண்மையையே கூறினர். ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கால வழக்கம் இரண்டு ஆண்டுக்குள் முடிக்கப்பட்டதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

அத்தகைய ஒரு தொழிற்கூடத்திலே மேற்பார்வையாளராக இருந்த ஒருவரைக் கற்பனையில் நிறுத்திப் பார்ப்போம். அவருக்கு மரம் தெரியும், துணி தெரியும், பொறி தெரியும். தம்மிடம் வேலை செய்பவர்களுள் எவருக்கு எந்த நேரத்தில் களைப்பு வரும், எவரோடு எவரை அருகருகே இருத்தலாம் என்பதெல்லாம் தெரியும். வேலை கட்டளையாக வந்து சேரும். அதனைப் பகிர்ந்து கொடுத்தலே அவருடைய கடமை. மாற்றம் வந்த மறுநாள் அவரிடம் எதிர்பார்க்கப்படுவன வேறு. அவர் தெருவில் இறங்கி, முன்பின் அறியாத முதலாளியின் கதவைத் தட்டல் வேண்டும். ஒருவர் எவ்வேலையை விரும்புகிறார் என்று கேட்டறிதல் வேண்டும். அவ்வேலையை அவ்விடத்திலேயே கற்பித்து, பின்னர் தாம் மெல்ல விலகிக்கொள்ளல் வேண்டும். முன்னர் நல்ல மேற்பார்வையாளர் என்று பெயரெடுத்த அவர், ஒருவரைத் தம் பக்கத்திலே பத்திரமாக வைத்திருந்தமையால் அப்பெயரை எடுத்தவர். இனி நல்லவர் என்று பெயரெடுக்க, அவர் அந்த மனிதரைத் தம்மை விட்டுப் போகச் செய்தல் வேண்டும். இது ஒரு சுற்றறிக்கையினால் வந்துவிடக்கூடிய மாற்றமன்று.

இப்புதிய கலையின் வேர்களுள் ஒன்று அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அங்கே மார்க் கோல்ட் என்னும் ஆசிரியர், 1970 களிலே, கடுமையான அறிவுசார் குறைபாடுடையோர் என்று வகுக்கப்பட்டுத் தொழிற்கூடங்களில் மிக எளிய வேலைகளே கொடுக்கப்பட்டிருந்தவர்களுக்கு, துவிச்சக்கர வண்டியின் தடுப்பியை ஒன்றுசேர்க்கக் கற்பித்தார். அத்தடுப்பியில் பதினைந்து உறுப்புகள் இருந்தன. இயல்பான அறிவுடையவர் என்று தம்மை எண்ணிக்கொள்ளும் பலர்க்கும் அது முதல் நாளிலே கைவராத வேலை. கோல்ட் அதனைச் சிறு சிறு படிகளாகப் பகுத்தார். உறுப்புகளை ஒழுங்குபட வைத்தார். பேச்சைக் குறைத்துக் கையினால் காட்டினார். மாணவர் ஒரு படியிலே தடுமாறினால், அவரால் இயலாது என்று எழுதி வைக்கவில்லை. கற்பித்த வழியை மாற்றினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. கற்பிக்கத் தெரியாதவர் மாணவனைக் கோணல் என்று கூறும் வழக்கத்தை கோல்ட் எதிர்த்தார். கற்றல் நிகழவில்லையாயின் முதலில் ஆராயப்பட வேண்டியது கற்பித்தலே என்பது அவர் தந்த பாடம்.

இவ்வெண்ணத்திலிருந்தும் இதனை ஒத்த பிற முயற்சிகளிலிருந்தும் 'துணையுடன் கூடிய வேலை' என்னும் முறை வளர்ந்தது. முதலில் பயிற்சி, பின்னர் வேலை என்பது பழைய ஒழுங்கு. பலர் அப்பயிற்சியிலேயே பத்து, இருபது ஆண்டுகளைக் கழித்தனர். 'பின்னர்' என்பது அவர்களுக்கு வரவேயில்லை. புதிய முறை இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிற்று. முதலில் உண்மையான வேலை, பயிற்சி அவ்வேலைத்தளத்திலே, துணை வேண்டும்வரை துணை. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புனர்வாழ்வுச் சட்டத் திருத்தம் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

இதனை முழுமையாகக் கைக்கொண்ட சிறிய மாநிலம் வேர்மொண்ட். 1980 அளவில், அங்குள்ள பல்கலைக்கழகத்தின் துணையுடன், சிலரைத் தொழிற்கூடத்திலிருந்து ஊரிலுள்ள வேலைத்தளங்களுக்கு அழைத்துச் செல்லும் சிறு முயற்சி தொடங்கிற்று. பணியாளர் பயிற்றப்பட்டனர், ஓரிடத்திலே கற்றது மற்றோரிடத்துக்குச் சென்றது. பெற்றோர் தம் பிள்ளைகளைப் போன்றவர்கள் சம்பளத்துடன் வீடு திரும்புவதைக் கண்ணாரக் கண்டனர். இருபது ஆண்டுகள் இவ்வாறு சென்ற பின்னரே, புதிதாக எவரையும் தனித் தொழிற்கூடத்தில் சேர்ப்பதில்லை என்று மாநிலம் முடிவு செய்தது. கடைசித் தொழிற்கூடம் 2002 இல் மூடப்பட்டது. பிரித்தானியாவிலே முதலில் கதவு மூடப்பட்டது. பின்னர் வழி தேடப்பட்டது. வேர்மொண்டிலே வழி முதலில் திறக்கப்பட்டது. கதவு பின்னர் மூடப்பட்டது. இரு நாடுகளும் எட்ட விரும்பிய இடம் ஒன்றே. அங்கு செல்வதற்கு முன்னர் செய்த ஆயத்தமே வேறுபட்டது.

வேர்மொண்டை அடுத்துள்ள நியூ ஹம்ப்சயர் மாநிலத்திலும் கவனிக்கத்தக்க ஒரு மாற்றம் நடைபெற்றது. அங்கே லெபனோன் என்னும் சிற்றூரிலே, கடுமையான மனநோயிலிருந்து மீளுவோர்க்கான பகற்பராமரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. 1990 அளவில் அதனைக் கைவிட்டு, அதன் வளங்களை வேலை தேடித் தரும் பணிக்குத் திருப்பினர். டெபோரா பெக்கர் என்னும் அம்மையாரும், ரொபேட் டிரேக் என்னும் மனநல மருத்துவரும் அம்மாற்றத்தை அருகிருந்து ஆராய்ந்தனர். வேலையின் பளு நோயைக் கிளறிவிடும், வைத்தியசாலைக்குத் திரும்புவோர் பெருகுவர் என்ற அச்சம் பலர்க்கு இருந்தது. அவ்வச்சம் மெய்யாகவில்லை. முன்னர் நாலில் ஒரு பங்கினராய் இருந்த வேலை பெற்றோர் தொகை, மாற்றத்தின் பின் ஐந்தில் இரு பங்கை நெருங்கிற்று.

எனினும் அவ்வாராய்ச்சியாளர் வெற்றியை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. வேலை பெறாத சிலர்க்கு, நிலையம் மூடப்பட்டதால் நண்பரைக் காணும் இடம் இல்லாமற் போயிற்று என்பதையும் பதிவு செய்தனர். சேவை ஒன்றை மாற்ற விரும்புவோர் அனைவரும் இதனைக் கவனித்தல் வேண்டும். பழைய முறை பிழையானதாக இருக்கலாம். ஆயினும் அதனுள்ளே ஒரு தேநீர் வேளை இருந்தது, சிரிப்பு இருந்தது, பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் இருந்தார். இவற்றை எங்கே திரும்பப் பெறுவது என்று சிந்திக்காத மாற்றம், கையிலே சம்பளத்தைக் கொடுத்து மனத்திலே தனிமையையும் கொடுத்துவிடும்.

அவ்வாறாயின், இப்பணியாளர்க்கு எவற்றைக் கற்பித்தல் வேண்டும்?

முதலாவது, கேட்கும் பழக்கம். ஒருவருக்கு என்ன குறை என்று பட்டியலிடுவதை விடுத்து, அவர் எதனை விரும்புகிறார், எந்த வேளையில் உற்சாகமாக உள்ளார், எந்தச் சூழலில் அமைதி பெறுகிறார் என்று கண்டறிதல். இரண்டாவது, முதலாளியை அறிதல். இரக்கத்தை வேண்டி நிற்கும் பணியாளர் ஒருமுறை வெற்றி பெறலாம். மறுமுறை கதவு திறவாது. கடையின் பின்னறையிலே எவரும் செய்யாது குவிந்து கிடக்கும் வேலை யாது என்று கண்டுபிடித்து, அதனைத் தனியானதொரு பணியாக வகுத்துக் காட்டும் பணியாளரே நிலைத்த இடத்தைப் பெற்றுத் தருகின்றார். மூன்றாவது, வேலையைப் படிகளாகப் பகுத்துக் கற்பித்தல். நான்காவது, விலகுதல். துணைவர் என்றும் பக்கத்திலே நின்றால், உடன் வேலை செய்வோர் அவரோடு பேசுவரேயன்றி, வேலைக்கு வந்தவரோடு பேசமாட்டார். அருகில் உள்ள ஊழியரே இயல்பான துணையாகும்படி செய்து, தாம் பின்வாங்குதல் கடினமான கலை. ஐந்தாவது, குடும்பத்தோடு பேசுதல். மகள் பஸ்ஸில் தனியே போவாளா, வேலை கிடைத்ததும் உதவிப்பணம் நின்றுவிடுமா, வேலை போய்விட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்று ஒரு தாய் கேட்கும்பொழுது, அவ்வினாக்களை மடமை என்று தள்ளாது, சரியான விடையை அறிந்து கூறுதல்.

இவற்றை ஒரு நாள் கருத்தரங்கிலே கற்பித்துவிட இயலாது. நியூ ஹம்ப்சயரில் உருவான முறையிலே ஒரு பணியாளரின் பொறுப்பில் இருபது பேருக்கு மேற்படலாகாது என்பது விதி. அவருடைய மேலதிகாரி மேசையின் பின்னால் இருந்து அறிக்கை கேட்பவர் அல்லர். உடன் சென்று முதலாளியைச் சந்தித்து, எவ்வாறு பேசுவது என்று செய்து காட்டுபவர். நிறுவனம் முறை தவறாது நடக்கின்றதா என்பதை இருபத்தைந்து அம்சங்களைக் கொண்டு அளவிடுகின்றனர். நல்ல பாடசாலையிலே புதிய ஆசிரியர் எவ்வாறு பயிற்றப்படுகின்றாரோ, அவ்வாறே இதுவும்.

பயிற்சி இருந்தாலும், பணம் கொடுக்கப்படும் முறை அதனைக் கெடுத்துவிடலாம். இதற்கு அவுஸ்திரேலியாவின் அனுபவம் சான்று. அந்நாட்டிலே அரசாங்கம் இப்பணியைத் தானே செய்யாது, நிறுவனங்களிடம் ஒப்பந்தமாகக் கொடுத்தது. 2010 இல் அமைக்கப்பட்ட சேவை, 2018 இல் பெரிதும் திருத்தப்பட்டது. வேலையிலே நான்கு வாரம், பதின்மூன்று வாரம், இருபத்தாறு வாரம், ஐம்பத்திரண்டு வாரம் நிலைத்தால் அவ்வப்போது கட்டணம் என்று வகுத்தனர். நிலைத்த வேலைக்குக் கூலி கொடுத்தல் நியாயமே. ஆயின், பலனுக்கு மட்டும் கூலி என்னும் எந்த ஏற்பாட்டிலும் ஓர் ஆபத்து உண்டு. எளிதிலே வேலை பெறக்கூடியவரை முன்னே அழைத்து, அரிதானவரைக் காத்திருக்கச் செய்யும் மனப்பாங்கு அதிலே மெல்ல நுழைகின்றது. பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் கொண்டு பாடசாலையை மதிப்பிட்டால், கடைசி வாங்கில் உள்ள பிள்ளைக்கு என்ன நேருமோ, அதுவே இங்கும் நேரும். அச்சேவைக்குப் பதிலாக 2025 நவம்பர் 1 ஆம் திகதி தொடக்கம் அவுஸ்திரேலியாவில் புதிய சேவையொன்று நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னர் இருந்த இரண்டாண்டுக் கால எல்லை அதிலே நீக்கப்பட்டது. வாரத்தில் எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாகவே உழைக்கக்கூடியவரும் சேரலாம் என்று வழி செய்யப்பட்டது. வாயில் அகன்றிருக்கின்றது. அவ்வாயிலில் நின்று வரவேற்பவர்கள் அதற்கேற்ற திறமையைப் பெற்றிருக்கின்றனரா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

கடல் கடந்த இக்கதைகள் இலங்கைக்கும் உரியவையே. 1988 ஆம் ஆண்டின் அரச சுற்றறிக்கை ஒன்று, பொதுச் சேவையின் வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குமாறு கூறிற்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணங்காட்டி வேலையில் பாகுபாடு செய்தலைத் தடுத்தது. 2016 இல் இந்நாடு ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. அதன் 27 ஆம் உறுப்புரை, எல்லோர்க்கும் திறந்த வேலைத்தளத்திலே, தாம் விரும்பித் தெரிந்த தொழிலால் பிழைக்கும் உரிமையைக் கூறுகின்றது. சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் இளைஞர்க்குத் தையலும், தச்சும், பிற கைத்தொழில்களும் கற்பிக்கின்றன. நெடிய போரிலே கால் இழந்தவரும், கண் இழந்தவரும் நம் ஊர்கள் தோறும் உள்ளனர்.

சட்டம் உண்டு, பயிற்சி உண்டு, சான்றிதழும் உண்டு. சான்றிதழைக் கையில் ஏந்திய இளைஞன் நிலையத்தின் வாயிலைக் கடந்து வெளியே வரும் அந்த நாளிலே, அவனோடு தொழிற்சாலையின் வாயில்வரை நடந்து சென்று, முதலாளியிடம் பேசி, முதற் கிழமை அருகிலே நின்று, அடுத்த மாதம் திரும்பி வந்து விசாரிப்பவர் ஒருவர் வேண்டும். அப்பணியைச் செய்வதற்கு உத்தியோகத்தர் ஒருவரை நியமித்தல் மாத்திரம் போதாது. அவரைப் பயிற்றல் வேண்டும். அவர் பொறுப்பில் அளவாகவே ஆட்களைக் கொடுத்தல் வேண்டும். ஊர் ஊராகச் செல்ல அவருக்கு வாகனப் படி வேண்டும். வெற்றி கிடையாத மாதத்திலும் அவரைத் தாங்கும் மேலதிகாரி வேண்டும். இருபது ஆண்டுகள் கைத்தொழில் கற்பித்த போதனாசிரியர் ஒருவரே இப்புதிய பணிக்கு அழைக்கப்படுவாராயின், அவருடைய பழைய உழைப்பை வீண் என்று கூறாது, அவருடைய பொறுமையையும் ஆட்களை அறியும் அறிவையும் முதலாகக் கொண்டு, மேலே கற்பித்தல் வேண்டும்.

மாற்றத்தை அறிவிப்பதற்கு ஒரு நாள் போதும். மாற்றத்துக்கு மனிதரை ஆயத்தம் செய்ய ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளைக் கொடுக்க மனமில்லாதவிடத்து, அதற்குரிய விலையை அதிகாரிகள் கொடுப்பதில்லை. பணியாளர்கூட முழுவதும் கொடுப்பதில்லை. பழைய தொழிற்கூடத்தின் கதவு மூடப்பட்டு, புதிய வேலைத்தளத்தின் கதவு திறவாத அந்த இடைவெளியிலே, வீட்டுத் திண்ணையில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவரே அதனைக் கொடுக்கின்றார். அவரை நினைவிற் கொண்டு, அவரிடம் செல்ல வேண்டியவரை முதலில் ஆயத்தம் செய்வோமாக.